கடமான் நின்ற நேரம்

முன்னால் நடப்பதா பின்னால் நடப்பதா என்று தவசிக்கு இன்னும் பிடிபடவில்லை. முன்னால் நடந்தால் துப்பாக்கி முதுகுக்குப் பின்னால் வருகிறது. பின்னால் நடந்தால் சந்தியாகு அண்ணன் எந்தக் கல்லில் இடறுகிறார், எந்தக் கிளையைப் பார்க்காமல் நெற்றியில் வாங்குகிறார் என்பதெல்லாம் கண்ணில் படுகிறது. அதைப் பார்க்கத்தான் இன்றைக்கு வந்ததே. பஸ்ஸை விட்டு இறங்கி அரை மணி நேரத்தில் இரண்டு தடவை இடறிவிட்டார். யார்தான் இடறமாட்டார்கள், இது என்ன தார் ரோடா, மழை அறுத்துப்போட்ட ஒற்றையடிப் பாதை, தவசியே ஒரு தடவை இடறினான். சரி, அவருக்கு இரண்டு, உனக்கு ஒன்று. பதினொரு வருஷம் அவர் ஓட்டுகிற வண்டியில் நின்று டிக்கெட் கிழித்தவன், இப்போது அவர் கால் இடறுவதற்கும் டிக்கெட் கிழிக்கிறாயா? தூ என்று தன்னையே துப்பிக்கொண்டான். ஆனால் மூன்றாவது தடவைக்காகக் கண் தானாகவே அவருடைய செருப்பைத் தொடர்ந்துகொண்டிருந்தது. மான் சுடத் தடை வராத காலம் அது. சந்தியாகுவிடம் லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மழை ஓய்ந்து மலையில் நெல்லி உதிர்கிற கார்த்திகையில், வருஷத்துக்கு ஒரு நாள் இரண்டு பேருமாக ஏறுவார்கள். சில வருஷம் கடமான் கிடைக்கும், பல வருஷம் கிடைக்காது. கிடைக்காத வருஷம் நெல்லிக்காயை மடியில் கட்டிக்கொண்டு இறங்குவார்கள், அதற்கும் சந்தியாகு வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வருவார். இந்த வருஷம் மட்டும் போக வேண்டாம் என்று தவசி நினைத்திருந்தான். "என்னப்பா, நெல்லி உதிர ஆரம்பிச்சிருச்சாம்ல" என்று அவர்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கேட்கிற விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. அந்த அவசரத்தைப் பார்த்ததும்தான் தவசிக்கும் ஒரு யோசனை வந்தது: ரோட்டில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாததைக் காட்டில் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம், ஐம்பது பேர் முதுகுக்குப் பின்னால் இல்லாத இடத்தில்.

காலையில் வண்டியில் ஏறியபோதே அது ஆரம்பித்துவிட்டது. அவர்கள் வண்டி பெயின்ட் அடிக்க ஷெட்டில் நின்றது, அதனால்தான் டிரைவருக்கும் கண்டக்டருக்கும் ஒரே நாளில் லீவு. வத்தலக்குண்டில் அதே கம்பெனியின் இன்னொரு வண்டியில் ஏறினார்கள். டிரைவர் சிக்கந்தர், இருபத்தாறு வயசு, சந்தியாகுவிடம் மலை ரோடு பழகியவன், "வாங்கண்ணே" என்று முதல் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தான். அடிவாரம் தாண்டியதும் சந்தியாகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கப் போகிறார் என்று தவசி நினைத்தான். வண்டி முதல் கொண்டை ஊசியில் திரும்பியதும் "ஒண்ணு" என்றார். அப்புறம் "ரெண்டு". அப்படியே கண்ணைத் திறக்காமல் ஒன்பது, பத்து, பதினொன்று என்று எண்ணிக்கொண்டே வந்தார். "இப்ப ஒரு பள்ளம் வரும் பாரு" என்றார், வண்டி குலுங்கியது. "வலது பக்கம் இப்ப சிலுவை வச்ச பாறை" என்றார், பாறை வந்தது. "பாத்தியா தவசி? கண்ணே வேணாம்டா இந்த ரோட்டுக்கு." சிரித்தார். சிக்கந்தரும் சிரித்தான், தவசியும் சிரித்தான். அந்தச் சிரிப்பை முடிக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரோடு அவர் உடம்பில் இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரே மலை. ஆனால் ரோட்டில் நடந்து வருகிறவர்கள் அவர் உடம்பில் இல்லையே. மாடு இல்லை. சவாரி முடிந்து திரும்புகிற குதிரை இல்லை. வளைவுக்கு வளைவு கை காட்டி நிற்கிற ஜனங்கள் இல்லை. பாறை நேற்று நின்ற இடத்தில் இன்றைக்கும் நிற்கும், மனுஷன் அப்படி நிற்பானா?

எப்போது தொடங்கியது என்று தவசி பல தடவை யோசித்துவிட்டான். யோசித்தால் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போகிறது. முதலில் ஆவணி என்று நினைத்தான், ஏழாம் வளைவில் எருமை. எருமை ஓரத்தில்தான் நின்றது, நடுரோட்டில் இல்லை. சந்தியாகு வேகத்தைக் குறைக்கவே இல்லை, வண்டியின் பக்கவாட்டுத் தகடு அதன் விலாவில் உரசியது. "எருமை மேல வந்து விழுதுப்பா" என்றார். அப்புறம் யோசித்தால் அதற்கும் முன்னால், ஆடிக் கடைசியில், ஸ்டாப்பில் கை காட்டியவர்களை இரண்டு தடவை விட்டுவிட்டு வந்தது. அப்போதெல்லாம் தவசி அவர்களைத்தான் திட்டினான், ஒதுங்கி நின்றால் எப்படித் தெரியும் என்று. எருமைக்கு அப்புறம் அவன் பின்பக்கப் படியை விட்டுவிட்டு முன்பக்கப் படியில் நிற்க ஆரம்பித்தான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் காற்று வாங்க என்று சொல்லியிருப்பான். ஓரத்தில் ஆள் தெரிந்தால் ஒரு விசில், சும்மா, யாரோ இறங்கப் போகிறவர் மாதிரி. எதிரில் லாரி என்றால் "கடுக்காய் லோடு வருதுண்ணே" என்று ஊர்க்கதை பேசுகிற குரலில். அதை அவன் நன்றாகவே பழகிக்கொண்டான். அதில் ஒரு பெருமைகூட இருந்தது, அதைச் சொன்னால் வெட்கம். நான் இல்லையென்றால் இந்த வண்டி என்ன ஆகும் என்கிற பெருமை. போன வியாழக்கிழமைதான் அது உடைந்தது. பன்னிரண்டாம் வளைவு, லேசான பனி, தலையில் பலாப்பழக் கூடையோடு ஒரு அம்மாள் ஓரமாக நின்று கை காட்டிக்கொண்டிருந்தாள். தவசி அப்போது குனிந்து ஒருவருக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், மூன்று விநாடி. நிமிர்ந்தபோது கூடை பறந்துகொண்டிருந்தது. அந்த அம்மாளுக்கு ஒன்றுமில்லை, பக்கத்துக் கண்ணாடி கூடையைத்தான் தட்டியிருந்தது, பலாப்பழம் சரிவில் உருண்டு உருண்டு போனது, வண்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் திட்டிக்கொண்டே சிரித்தாள். தவசியால் மட்டும் அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஒரு டிக்கெட்கூட நேராகக் கிழிக்க முடியவில்லை. கூடைக்கும் அவள் தலைக்கும் நடுவில் ஒரு சும்மாடுதான் இருந்தது.

"என்னப்பா, பேச்சு மூச்சக் காணோம்?" என்று முன்னால் போனவர் திரும்பாமல் கேட்டார்.

"ஏத்தம்ணே. மூச்சு வாங்குது."

"வயசாகுதுடா உனக்கு."

நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கு ஐம்பத்தி மூன்று. ஆனால் அவர் முதுகைப் பார்த்தால் அப்படித் தெரியாது, ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அகன்றுபோன தோள். பாதி வழியில் பாறையில் உட்கார்ந்து மதியச் சோற்றைப் பிரித்தார்கள். அவர் வீட்டுக்காரி லூர்து அக்கா புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்திருந்தாள், உப்புக்குத் தனியாக ஒரு பொட்டலம். சந்தியாகு முட்டையை உரித்துவிட்டு உப்பைத் தேடினார். உப்பு அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில்தான், பாறையில், வெள்ளைத் தாளில், வெயிலில் பளிச்சென்று இருந்தது. அவர் விரல்கள் பாறையைத் தடவிக்கொண்டு போயின, இலையின் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். முகம் மட்டும் எங்கேயோ மலையைப் பார்க்கிற மாதிரி சாவகாசமாக இருந்தது. தவசி அந்த முகத்தைப் பார்த்தான், அந்த விரல்களைப் பார்த்தான், கடைசியில் தாங்கமாட்டாமல் கால் கட்டைவிரலால் பொட்டலத்தை அவர் கைப்பக்கம் தள்ளிவிட்டான். "இங்கதான் இருக்கு சனியன்" என்று எடுத்துக்கொண்டார். இதுவும் விசில்தான் என்று தவசிக்குத் தோன்றியது. கூடாது கூடாது என்று வந்துவிட்டு இதையும் செய்தாயிற்று. செய்யாமல் எப்படி இருப்பது? அவன் அப்பாவுக்கு மார்வலி வந்த அன்று, மேலே ஊரில், நட்டநடு மத்தியானம், மழை சாட்டையாக அடித்துக்கொண்டிருந்தது, அடுத்த ட்ரிப்புக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. சந்தியாகு யாரிடமும் கேட்கவில்லை. காலி வண்டியைக் கிளப்பினார். நீளச் சீட்டில் அப்பாவைப் படுக்க வைத்து, தவசி தரையில் உட்கார்ந்து அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, பதினேழு வளைவையும் ஒரு குலுக்கல் இல்லாமல் இறக்கினார். கம்பெனியில் ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைத்தார்கள். அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பா அதற்கு மேல் மூன்று வருஷம் இருந்தார். அந்த மூன்று வருஷத்தைக் கொடுத்தவரைப் போய் எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, ஆபீசில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்று, ஐயா, எங்க டிரைவருக்குப் பார்வை சரியில்லைங்க என்று எந்த வாயால் சொல்வது. வேறு வேலை அவருக்குத் தெரியாது. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சந்தியாகு அண்ணனை அவனால் மனசில் வரைந்து பார்க்கவே முடியவில்லை.

ஆனால் செல்லக்கிளிக்குச் சொன்னாயே என்றது உள்ளே ஒன்று. அதுதான், அந்த முள்தான். அவன் பெண்டாட்டி செல்லக்கிளி வெள்ளிக்கிழமைதோறும் மேலே அவள் அம்மா வீட்டுக்கு அவர்கள் வண்டியில்தான் போவாள், முன்சீட்டில் உட்கார்ந்து சந்தியாகுவிடம் வம்பு பேசிக்கொண்டே. பலாப்பழம் உருண்ட மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவள் பூ வைத்துக்கொண்டு கிளம்பியபோது தவசி சொன்னான், "இன்னைக்கு நம்ம வண்டி வேணாம். பத்தரைக்கு வேற கம்பெனி வண்டி இருக்கு, அதுல போ." ஏன் என்றாள். கூட்டம் என்றான். என்றைக்கு இல்லாத கூட்டம் என்று அவள் அவன் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தாள், அப்புறம் ஒன்றும் கேட்காமல் பத்தரை வண்டிக்குப் போனாள். அவன் ஆறேகால் வண்டிக்குப் போய், தோல்பையை மாட்டிக்கொண்டு, ஏறு ஏறு என்று ஐம்பத்தி மூன்று பேரை ஏற்றினான். ஒவ்வொருத்தருக்கும் அவன் கையாலேயே டிக்கெட். அன்றைக்குத் தெரிந்துதானே ஏற்றினாய்? தன் வீட்டுக்காரிக்கு வேண்டாம், மற்றவன் வீட்டுக்காரிக்கு ஆகலாம். இந்த இடத்துக்கு வந்தால் அவன் யோசனை நின்றுவிடும், செருப்பில் ஏறிய முள் மாதிரி மேற்கொண்டு அடி வைக்கவிடாது. கொஞ்ச நேரம் கழித்து வேறு எங்கோ சுற்றிவிட்டுத் திரும்ப அங்கேயே வந்து நிற்கும்.

மூன்று மணிக்கு நெல்லி மரம் தெரிந்தது. சோலை முடிந்து புல் சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் தனியாக ஒரு மரம். அடியில் காய் உதிர்ந்து பச்சையாகக் கிடந்தது. குளம்புத்தடம் புதிதாக இருந்தது, சேற்றில் தண்ணீர் ஊறி இன்னும் தெளியவில்லை. தவசி அதைக் காட்டவில்லை. சந்தியாகுவே குனிந்து விரலால் தொட்டுப் பார்த்து, "கடமான்தான். பெரிசு. மத்தியானம் வந்திருக்கு, மறுபடி வரும்" என்றார். விரலுக்குத் தெரிகிறது, எல்லாம் தெரிகிறது. எழுபது அடி தள்ளி ஒரு பாறையின் மறைவில் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்தார்கள். அவர் துப்பாக்கியில் தோட்டாவைப் போட்டு மூடிய சத்தம் தவசியின் பல்லில் கேட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. ஒரு மரங்கொத்தி, ஈரப்புல் வாசம், பக்கத்தில் அவர் சட்டையிலிருந்து வருகிற டீசல் நெடி, எத்தனை தடவை துவைத்தாலும் போகாதது. பனி கீழேயிருந்து மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் அவர்தான் முதலில் பார்ப்பார். தவசிக்கு வெறும் புதராகத் தெரிவது அவருக்குக் காதாக, மூக்காக, கொம்பாகத் தெரியும். அசையாமல் உதட்டை மட்டும் அசைத்து "அந்தா" என்பார். போன வருஷம் மட்டும் தவசிதான் முதலில் பார்த்தான், அவர் தோளைத் தொட்டுத் திசை காட்டினான், அவரும் சுட்டார். அப்போது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, நமக்கும் கண் பழகிவிட்டது என்று. போன வருஷமேவா? யோசித்தால் அது இன்னும் பின்னால் போகிறது. எவ்வளவு தூரம் பின்னால் போகும்? இன்றைக்கு எதுவும் வராமலே இருந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது, ஆறு மணி வண்டியைப் பிடித்து இறங்கிவிடலாம், நாளைக்கு ஆறேகாலுக்கு வழக்கம்போல, வழக்கம்போல என்றால் முன்பக்கப் படியில். வரக் கூடாது. வந்தால்தான் தெரியும். வரக் கூடாது.

வந்தது. சத்தமே இல்லை. இடதுபக்கம் உண்ணிச்செடிப் புதருக்கும் நெல்லிக்கும் நடுவில் இதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் அது நின்றது, எப்போது வந்தது என்றே தெரியவில்லை, எப்போதும் அங்கேயே நின்ற மாதிரி. கறுத்த பழுப்பு, கழுத்தில் சிலிர்த்த மயிர், ஈரத்தில் மின்னுகிற மூக்கு. தலையைத் தூக்கிக் காற்றை மோந்தது, அப்புறம் குனிந்து ஒரு நெல்லிக்காயைக் கடித்தது, அந்தக் கடிப்பின் சத்தம்கூடக் கேட்டது. தவசி தலையைத் திருப்பாமல் விழியை மட்டும் திருப்பிச் சந்தியாகுவைப் பார்த்தான். அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார், மரத்துக்கு வலதுபக்கம், வெறும் புல்லை. பிறகு அவர் முகம் மெல்ல நகர்ந்தது, மரத்துக்கு வந்தது, மரத்தின் அடிக்கு வந்தது, அங்கே நின்றது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும். நகரவில்லை. திரும்ப வலதுபக்கமே போனது. துப்பாக்கியைப் பிடித்த கையில் நரம்பு புடைத்திருந்தது. தொட்டால் போதும். இடது தோளில் ஒரு விரல். அவர் திரும்பிவிடுவார், நேராகப் பட்டால் அவருக்குத் தெரியும், தெரிந்தால் குறி தப்பாது, மான் விழும், இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம், ஊரே சொல்லும் சந்தியாகு கண்ணு கண்ணுதான் என்று. ஒரு விரல். தவசியின் கை தொடையைவிட்டு எழுந்துவிட்டது, அவனுக்கே தெரியாமல். எழுந்து பாதியில் நின்றது. இது மானுக்காக எழுந்த கை இல்லை. இது முன்பக்கப் படியில் நிற்கிற கை. நாளைக்கும் நாளன்றைக்கும் ஒவ்வொரு வளைவிலும் எழ வேண்டிய கை, ஒரு நாள் சில்லறை தேடுகிற கை. கையை இறக்கித் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். மூச்சை விடவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, மான் கலங்கித் தெரிந்தது. அது இன்னொரு காயைக் கடித்தது. இன்னொன்று. போய்த் தொலையேன். அவர் பார்த்துத் தொலையட்டுமே. அம்மா தாயே, ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்புங்களேண்ணே. அவர் திரும்பவில்லை. மான் காதை விறைத்தது, ஏதோ பிடிக்காமல் காலால் தரையை ஒருமுறை அறைந்தது, நடந்தே போனது, ஓடக்கூட இல்லை. பனி அது நின்ற இடத்தை மூடியது.

கொஞ்ச நேரம் கழித்து சந்தியாகு கேட்டார், "நின்னுச்சா?"

தவசி தொடைக்கடியிலிருந்து கையை வெளியே எடுத்தான்.

"தவசி. நின்னுச்சாடா?"

"நின்னுச்சுண்ணே."

"எங்கிட்டு?"

"இடது கைப்பக்கம். மரத்த ஒட்டி."

"ரொம்ப நேரமா?"

"ரொம்ப நேரம்."

அவர் தலையை ஆட்டினார். "நீ மூச்சு விடுறத நிறுத்தினே. அப்பவே தெரிஞ்சு போச்சு, நிக்குதுன்னு. தொடுவேன்னு பாத்தேன்."

"தொடலண்ணே."

"ம்." துப்பாக்கியை மடியில் கிடத்தினார். "ஆடியில மதுரைக்குப் போனேன்ல, மச்சினன் வீட்டு விசேஷம்னு. விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணு டாக்டர்ட்ட போனேன். எதுக்க இருக்கறது மட்டும்தான்டா தெரியும் எனக்கு, குழா வழியா பாக்கற மாதிரி. அந்தக் குழாயும் சுருங்கிக்கிட்டே வருதாம். போனது திரும்பாதுன்னுட்டாரு. என்ன தொழில்னு கேட்டாரு. மர வியாபாரம்னு சொன்னேன்."

"லூர்து அக்காவுக்கு?"

"யாருக்கும் தெரியாது. இன்னைக்குக் காட்டுல வச்சு ஒரு தடவை பாத்துருவோம்னுதான் உன்னக் கூப்பிட்டேன். டாக்டரு தப்பாச் சொல்லியிருக்கலாம்ல."

தவசிக்குள் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது, கோபம் மாதிரி. "தெரிஞ்சப்புறமும் நாலு மாசம் ஓட்டினீங்களேண்ணே. அத்தன பேர வச்சுக்கிட்டு."

சந்தியாகு அவன் பக்கம் முழுசாகத் திரும்பினார். இப்போது அந்தக் குழாய்க்குள் தவசியின் முகம் மட்டும்தான் இருந்திருக்கும்.

"நீ இருந்தேல்ல" என்றார்.

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். "நீ சும்மா ஊதுறேன்னு நான் நெனச்சேன்னு நெனச்சியா? ஒவ்வொரு விசிலுக்கும் பிரேக்குல கால் வச்சேன்டா. கடுக்காய் லோடுன்னா ஒதுங்கினேன். தவசி இருக்கான், பாத்துக்குவான்னுதான் தெனமும் சாவியத் திருப்பினேன்." தவசி புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐம்பது பேரைக் காப்பாற்றுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அவருக்குத் தெரியாமலே அவரையும் காப்பாற்றுவதாக, எல்லாருக்கும் நல்லதாக ஒன்றைச் செய்வதாக. அவன் ஊதாமல் இருந்திருந்தால் அந்த எருமையோடு அவரே நிறுத்தியிருப்பார், பயந்துபோய். நிறுத்தியிருப்பாரா? மாட்டாரா? தெரியாது, இனி எப்போதும் தெரியாது. ஆனால் அந்த நாலு மாசத்தின் ஒவ்வொரு ட்ரிப்பையும் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓட்டியிருக்கிறார்கள். அவர் ஸ்டியரிங்கில், இவன் படியில். பலாப்பழக் கூடையை இரண்டு பேருமாகத்தான் தட்டிவிட்டார்கள்.

"தை வரைக்கும்டா" என்றார் சந்தியாகு, குரலை இறக்கி. "தையில புது வண்டி வருது. இருபத்திரண்டு வருஷம் ஓட்டை வண்டியாவே ஓட்டிட்டேன். அதை ஒரே ஒரு தடவை மேல ஏத்திட்டு, மாலை போட்டு நிறுத்திட்டு, இறங்கிர்றேன். ரெண்டு மாசம். நீ முன்னால நின்னுக்க."

"வேணாம்ணே."

"ஒரே ஒரு தடவைதான்டா."

"நாளைக்குக்கூட வேணாம்ணே. நான் இனிமே ஊத மாட்டேன்."

"அப்ப நீ வராத. வேற கண்டக்டரப் போடச் சொல்லிக்கறேன்." சட்டென்று அவர் குரல் முரடாகிவிட்டது. ஷெட்டில் மெக்கானிக்குகளிடம் கத்துகிற குரல். தவசியிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை. வேறு கண்டக்டர், ஒன்றும் தெரியாதவன், பின்பக்கப் படியில், ஐம்பது பேர், பன்னிரண்டாம் வளைவு. "போட்டா அந்த ஆளுட்டச் சொல்லுவேன்" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை. "ஆபீஸ்லயும் சொல்லுவேன். நீங்க என்னை அடிச்சாலும் சொல்லுவேன். எங்கப்பாவ இறக்கினீங்க, மறக்கலண்ணே. செத்தாலும் மறக்கமாட்டேன். ஆனா சொல்லுவேன்." சொல்லிவிட்டு அழுதுவிட்டான், நாற்பதை நெருங்குகிறவன், முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. பனி இப்போது பாறைக்கே வந்துவிட்டது. துப்பாக்கியை மடக்கித் திறக்கிற சத்தம் கேட்டது. தவசி நிமிர்ந்தபோது அவர் தோட்டாவை வெளியே எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொம்பு எம்புட்டு இருந்துச்சு?" என்றார்.

"பெரிசுண்ணே. கை நீளம் இருக்கும். மூணு மூணு கிளை."

"வலது கொம்பு நுனி உடைஞ்சிருந்துச்சா? போன வருஷம் தப்பிச்சது ஒண்ணு உண்டு."

"இல்லண்ணே, முழுசா இருந்துச்சு. கழுத்து மயிரு ஈரமா, சிலுப்பிக்கிட்டு. காய எப்பிடித் தின்னுச்சுன்னா, கடிச்சுட்டு ஒரு நிமிசம் நிக்குது, புளிக்கிறவன் மூஞ்சி மாதிரி. அப்புறம் அடுத்தது."

"அப்பிடியா." அவர் முகம் இளகியது. "அப்புறம்?"

அப்புறம் என்று கேட்கக் கேட்கத் தவசி சொன்னான், காதின் உட்பக்கம் வெளுத்திருந்ததை, காலைத் தரையில் அறைந்ததை, நடந்தே போனதை. ரோடு வருகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். சொல்லும்போதே உள்ளே வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. தோட்டாவை எடுத்தாரே தவிர சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நாளைக்கு ஆறேகாலுக்கு ஸ்டாண்டில் வந்து நிற்பாரா, காக்கிச் சட்டையோடு நின்றால் என்ன செய்வாய், எல்லார் முன்னாலும் சாவியைப் பிடுங்குவாயா, பிடுங்குகிற தைரியம் உனக்கு உண்டா. இருக்கிறது என்று நினைத்தான். அடுத்த அடியில் இல்லை என்று தோன்றியது.

ஆறு மணி வண்டி ஐந்தே முக்காலுக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளிருந்து வந்து நின்றது. சிக்கந்தர்தான். அவர்களைப் பார்த்ததும் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு குதித்து இறங்கி ஓடிவந்தான். வண்டி நிறைய ஜனம், மேல்மலைச் சந்தை முடிந்து திரும்புகிறவர்கள், மூட்டையும் கோழியுமாக. எல்லாருக்கும் சந்தியாகுவைத் தெரியும், ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீண்டது, "என்ன டிரைவரே, மான் எங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணே" என்றான் சிக்கந்தர். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டான், பயந்திருந்தது அவன் கண்ணில் தெரிந்தது. "கண்ணு முன்னால கை தெரியல, இப்பிடி ஒரு பனிய நான் பாத்ததில்ல. கீழ வரைக்கும் நீங்க எடுங்கண்ணே. உங்க கையில ஸ்டியரிங் இருந்தா எல்லாருக்கும் தைரியமா இருக்கும்."

"ஆமா டிரைவரே, நீங்க எடுங்க" என்றார்கள் உள்ளேயிருந்து. "அவரு கண்ண மூடிட்டே இறக்கிருவாரு."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்து கிடந்த கதவு, காலியான சீட், அதன் மேலே மங்கலான சின்ன பல்பு. சந்தியாகு இரண்டு அடி வைத்துக் கதவின் பிடியைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கிப் படியில்கூட வைத்துவிட்டார். தவசிக்குக் காதில் ரத்தம் இரைந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இப்போது சொல், இப்போது, ஐயோ, வரமாட்டேன் என்கிறதே.

சந்தியாகு காலைக் கீழே இறக்கினார்.

"இல்லப்பா" என்றார். "எனக்குக் கண்ணு தெரியல."

சிக்கந்தர் பாதி சிரித்தான். "எனக்கும்தாண்ணே தெரியல, பனி அப்பிடி..."

"பனி இல்லப்பா. கண்ணே போயிருச்சு. டாக்டரு சொல்லி நாலு மாசமாச்சு." ஜன்னல்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று அவர் முகத்தைத் தூக்கினார். முகம் சரியான ஜன்னலில் படவில்லை, இரண்டு ஜன்னலுக்கு நடுவில் தகட்டைப் பார்த்துச் சொன்னார். "நாலு மாசமா உங்கள எல்லாம் அப்பிடித்தான் ஏத்தி இறக்கினேன். இனிமே இல்ல. தவசிக்குத் தெரியும், கேட்டுக்கங்க."

கோழி ஒன்று கொக்கரித்து அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட தலைகள் எல்லாம் அவரை விட்டுவிட்டு ஒவ்வொன்றாகத் தவசி பக்கம் திரும்பின. எல்லாம் அவன் டிக்கெட் கொடுத்த முகங்கள். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மடியில் தூங்குகிற பிள்ளையைத் தன்னையறியாமல் இழுத்து அணைத்துக்கொண்டாள். "நெசமாவா கண்டக்டரே?" என்று கேட்டாள். அதில் கோபம் இல்லை, காதில் விழுந்தது இன்னும் அவளுக்கு முழுசாகப் புரியவில்லை. புரிந்ததும் வரும். சிக்கந்தரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றான் தவசி. "எனக்குத் தெரியும்."